காய்ந்தால் கூடும்

கலவைக்குத் தலை நரைத்ததுகூட ஒரே சீராக நரைக்கவில்லை. காதோரம் சுண்ணாம்பு வெள்ளை, உச்சியில் சாம்பல், பிடரியில் யாரோ வாங்கிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்ததுபோல ஒரு பழுப்பு. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கித் தருவது அவர் வேலை. கலக்கிக் கலக்கி, பெற்றவர்கள் வைத்த பெயர் எந்த டின்னிலோ கரைந்துபோய், 'கலவை' என்ற பட்டப்பெயர் மட்டும் மேலே மிதந்தது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சந்தோஷம் இருந்ததாகவும் தெரியவில்லை. எதைப் பற்றியும் அவருக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதையின் சிக்கலே அதுதான்.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் நிறத்தை வாயால் சொல்ல மாட்டார்கள், கையில் கொண்டுவருவார்கள். பெயர்ந்த சுவர்ப்பூச்சு, சட்டைப் பொத்தான், சோப்பு டப்பாவின் மூடி, செருப்பின் வார். ஒருமுறை ஒரு பெரியவர் தன் பல்செட்டையே கழற்றிக் கவுன்ட்டரில் வைத்து, "ஹாலுக்கு இந்த வெள்ளைதான் வேணும்" என்று பொக்கை வாயால் உத்தரவிட்டார். கலவை முகம் சுளிக்கவில்லை. பல்செட்டை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, "லேசா மஞ்சள் ஓடுது, பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். பெரியவரின் ஹாலில் இன்றைக்கும் நுழைந்தால் யாரோ சிரிப்பதுபோலவே இருக்கும்.

அவர் தொழிலுக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்பக் கூடாது. எமல்ஷன் பெயிண்ட் டின்னில் இருக்கும்போது பாலைக் கலந்ததுபோல வெளிறித்தான் தெரியும். சுவரில் ஏறிக் காய்ந்தபிறகே அதன் நிஜ முகம் வெளியே வரும். அதனால் எதைக் கலக்கினாலும் ஈரத்தில் ஒரு படி வெளுப்பாக நிறுத்திவிட்டு, டின்னைத் தட்டி மூடி, "காஞ்சா கூடும்" என்பார். சொல்லிச் சொல்லி அந்த வாக்கு கடையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வந்து, மூன்று பிஸ்கட்டும் ஒரு புன்னகையுமாக எழுந்து போனபோது, மனைவி கவலைப்பட்டாள்.

"பையன் என்னங்க, ரொம்ப வெளுத்துப்போயி உக்காந்திருக்கான். பேச்சே இல்லையே?"

"காஞ்சா கூடும்" என்றார் கலவை.

"இத்தனை வருஷமா உங்களைக் காயப் போட்டு வெச்சிருக்கேன். உங்களுக்கு எங்க கூடுச்சு?" என்றாள் அவள். நியாயமான கேள்வி.

அவர்கள் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயிண்ட் கடைக்காரர் வீடு என்றால் வானவில் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் வாசலிலேயே கொஞ்சம் தள்ளாடுவார்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிய டின்களை முதலாளி கலவையிடம் தள்ளிவிடுவார். கலவை அவற்றை வீட்டுச் சுவர்மேல் தள்ளிவிடுவார். சமையலறை, ஒரு வங்கி மேனேஜர் பார்த்ததும் தலைசுற்றி உட்கார்ந்த பச்சை. குளியலறை, ஒரு வக்கீல் தன் மனைவிக்குப் பயந்து திருப்பிய கத்தரிப்பூ. முன்னறையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒரு பள்ளிக்கூடத்தின் மஞ்சள்; அந்த மஞ்சளைப் பார்த்ததும் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று தலைமையாசிரியை புகார் சொல்லியிருந்தார். அதை ஒட்டிய பக்கச்சுவர் ஒரு பல் டாக்டர் வேண்டாமென்ற வெளிறிய ரோஸ். ஈறு ஞாபகம் வருகிறதாம். பல் டாக்டருக்கே ஈறு பிடிக்காமல் போனால் அந்த நிறம் வேறு எங்கேதான் போகும்? கலவை வீட்டுக்கு வந்தது.

யாருக்கும் வேண்டாத நிறங்களுக்கு நடுவில்தான் அவருடைய ஒரே மகள் வளர்ந்தாள். வளர்ந்து, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாள். ஊராரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்கிற வேலை. அப்பா ஊர் கேட்ட நிறத்தைக் கொடுத்தார்; மகள் ஊருக்கு அந்த நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

கல்யாண ஏற்பாட்டைப் பேச, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவருடைய அத்தை வந்தாள். எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தரிடம் செங்கோல் இருக்கும். அந்தக் குடும்பத்தில் அது அத்தையின் செல்போன் வடிவத்தில் இருந்தது. வாசலில் ஒருதரம் தள்ளாடி, மஞ்சள் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைத் திறந்து படம் படமாகத் தள்ளினாள்.

"எல்லாமே ஆஃப் வைட். திரை ஆஃப் வைட், பூ ஆஃப் வைட், மேசைத்துணி ஆஃப் வைட். இப்பல்லாம் கலர்னாலே ஒரு மாதிரி பாக்கறாங்க. என்ன சொல்றீங்க சம்பந்தி?"

"திரை உங்க இஷ்டம் அத்தை. பூ என்ன கலர்னு எங்கப்பா சொல்வார்" என்றாள் மகள்.

முன்னறையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. மாப்பிள்ளைகூடப் பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தினார். கலவைக்கு இப்படி ஒரு அவையைப் பார்த்துப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணு காட்டுங்க. அப்படியே அச்சா அதே மாதிரி கொண்டுவந்துடறேன்."

அத்தை மகிழ்ந்துபோய்ப் போனை நீட்டினாள். கலவை வாங்கி, ஒரு கண்ணை மூடி, "இதுல ஒரு சொட்டு காவி இருக்கு" என்றார். கிடைத்த ஒரே வாய்ப்பில் அவர் வெளியிட்ட கருத்து அதுதான்.

அவர்கள் போனபிறகு மகள் பிஸ்கட் தட்டை எடுக்காமல் நின்றாள்.

"நான் கேட்டது அதில்லப்பா."

"வேற என்னம்மா? அந்த வெள்ளை எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும்..."

"ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதை உங்ககிட்ட வந்து சொல்லியிருக்காங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. உங்க பொண்ணு நான். அது தெரியாமலே இன்னொரு வீட்டுக்குப் போகணுமா?"

மகள் உள்ளே போய் ஷேட் கார்டை எடுத்துவந்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தன் தொழிலைக் காட்டினாள்.

"இதுவா, அதுவா?"

"ரெண்டுமே நல்லா போகும்மா. போன மாசம்கூட..."

"எது விக்குதுன்னு கேக்கலப்பா. இதுவா? அதுவா?"

"யாருக்கு?"

"உங்களுக்கு!"

அட்டையில் நிறங்கள் வரிசையாக நின்றன. நிறத்துக்குப் பெயர் வைக்கவே சம்பளம் வாங்குகிற புண்ணியவான்கள் பெயிண்ட் கம்பெனிகளில் இருக்கிறார்கள். 'தயங்கும் மஞ்சள்', 'நாணிய சாம்பல்', 'மழைக்குப் பிந்திய மௌனம்'. மௌனம் என்ன நிறம் என்று கலவைக்குத் தெரியும். அதில் நீலம் கொஞ்சம் அதிகம். எது பிடிக்கும் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் மகள் அட்டையை மடித்தாள். "அடுத்த வாரக் கடைசிக்குள்ள பூ சொல்லணும். நீங்க சொல்லலேன்னா அத்தை வெள்ளை சொல்லிடுவாங்க" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் கலவைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பல் விளக்கியபடியே மனைவியைக் கேட்டார். "எனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"உங்களுக்கா?" அவள் இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "நான் எந்தத் துணியை எடுத்து வெச்சாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வீங்க. பொண்ணு பாக்க வந்தப்போ நான் என்ன கலர் போட்டிருந்தேன், சொல்லுங்க பாப்போம்."

"நீலம். ஓரத்துல சாயம் போயிருந்தது."

"கலர் ஞாபகம் இருக்கு. பிடிச்சிருந்துதா?"

கலவை வாய் நிறைய நுரையோடு நின்றார். அந்த நேரத்தில் பேச முடியாது என்பதில் அவருக்குப் பெரும் நிம்மதி.

மதிய நேரத்தில் கடையில் ஆள் நடமாட்டம் இருக்காது. டின்னைக் குலுக்கும் இயந்திரம் மட்டும் மூலையில் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் தாலாட்டில் கவுன்ட்டருக்குப் பின்னால் கலவைக்குக் கண் சொருகும். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒரே கனவு. கடை வாசலில் நிறங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆள் இல்லை, முகம் இல்லை. நிறங்கள் மட்டும், மூடுபனி மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்துகொண்டு. ஒவ்வொன்றாகக் கவுன்ட்டருக்கு வந்து, கலவையை ஏற இறங்கப் பார்த்து, "இவர் மாதிரியே ஒண்ணு வேணும்" என்று கேட்கிறது. கலவை குனிந்து தன்னைப் பார்க்கிறார். சட்டை இருக்கிறது, கைவிரலில் பெயிண்ட் இருக்கிறது, நடுவில் இருக்க வேண்டியவர் மட்டும் தண்ணீர் மாதிரி பின்னால் இருக்கும் அலமாரியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இயந்திரம் நின்றதும் கனவும் நின்றுவிடும். அப்புறம் யாராவது ஒரு பொத்தானோடு வந்து நிற்பார்கள்.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடையில் மின்சாரம் போனது. இயந்திரம் குலுங்கவில்லை, விளக்கு இல்லை; விளக்கில்லாமல் நிறம் பார்க்க முடியாது என்று முதலாளி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் வெயில் சரியும் நேரத்துக்கு வீட்டில் இருப்பது கலவைக்கு ஏறக்குறைய வெளியூர் போவது மாதிரி. தன் வீட்டுக்குள் விருந்தாளிபோலத் தயங்கித் தயங்கி நுழைந்தார்.

முன்னறை ஜன்னல் வழியே வெயில் சாய்வாக வந்து, பள்ளிக்கூட மஞ்சளில் விழுந்திருந்தது. மஞ்சள் அதை வாங்கி வைத்துக்கொள்ளாமல் பக்கத்து ஈறு ரோஸுக்குத் தள்ளிவிட்டிருந்தது. இரண்டு சுவர்களும் சேரும் மூலையில், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு நிறம் மெல்ல மூச்சு விடுவதுபோல நின்றது. அதை யாரும் பூசவில்லை. எந்த அட்டையிலும் அது இல்லை. பழுத்த பப்பாளிக்குப் பக்கத்தில் தொடங்கி, விளக்குக்கு எதிரே விரல்களை மூடிப் பிடித்தால் இடுக்கில் ஒரு சிவப்பு கசியுமே, அதற்குச் சற்று முன்னால் முடிந்தது. அந்த மூலையில்தான் மகளின் நாற்காலி எப்போதும் கிடக்கும். பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே உட்கார்ந்துதான் பாடம் எழுதுவாள். அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத் துணிக்கு ஏதோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள், தலையைக் குனிந்து. அவள் காதுமடலுக்குள் வெயில் புகுந்து, அதுவும் அதே நிறத்தில் இருந்தது.

கலவை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று டின் மூடி திறப்பதுபோல 'டப்' என்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மாடி வெயிலை மறைக்க, நிறம் போய்விட்டது. மஞ்சள் மஞ்சளாகவும் ஈறு ஈறாகவும் ஆயின.

"என்னப்பா, சீக்கிரம் வந்துட்டீங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"கரண்ட் இல்ல" என்றார்.

அடுத்த இரண்டு சாயங்காலமும் அவர் பல்வலி என்று சொல்லிக் கடையிலிருந்து கிளம்பினார். சின்ன டப்பாக்களில் வெள்ளையும் நிறமேற்றும் ஸ்டெய்னர் குப்பிகள் நாலைந்தும் கொண்டுவந்து, மகள் வேலையிலிருந்து திரும்புவதற்குள், மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெயில் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு சொட்டு விட்டுக் கலக்கி நிமிர்ந்தால் நிறம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதைத் துரத்திப் போனால் இன்னும் கொஞ்சம். சுவர்மேல் ஓடும் பல்லியைப் பிடிக்கப் பார்க்கும் ஆள் மாதிரி இருந்தார். சமையலறைப் பச்சையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "அப்பாடா, கல்யாணத்துக்காவது இந்த ஈறை மறைக்கத் தோணுச்சே" என்றாள்.

"மறைக்கல."

"பின்ன?"

"நீ போ."

அந்த வீட்டில் அவர் இட்ட முதல் கட்டளை அது. அவள் வியந்துபோய், போனாள்.

இரண்டாம் நாள் நிறம் அகப்பட்டது. டின் மூடியின் உட்புறத்தில் பூசி, காய்ந்ததும் மூலையோடு வைத்துப் பார்த்தார். மூடியின் விளிம்பு தெரியாமல் போனது. மகள் வந்ததும் அதை நீட்டினார், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

"இது" என்றார்.

அவள் வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "எங்கப்பா பாத்தீங்க இதை?"

"சும்மா... ஒரு இடத்துல."

"பேர் என்ன?"

"இன்னும் யாரும் வைக்கல."

"எனக்கு இது எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு" என்று அவள் விரலால் தொட்டாள். விளிம்பில் கொஞ்சம் காயாமல் இருந்திருக்கிறது. விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் துடைக்காமலே சாப்பிட உட்கார்ந்ததைக் கலவை கவனித்தார். கவனிக்காத மாதிரி இருந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் பூ வாங்கப் போனவரும் கலவைதான்.

பூ மார்க்கெட் விடியும் முன்பே எழுந்துவிடும். ஈரச் சாக்கு, வாளி, நீளநீளக் காம்புகள், எல்லாவற்றின்மேலும் மிதக்கும் ஒரு வெள்ளைப் பனிப்புகை. அதற்குள் நடக்கும்போது கலவைக்கு மதியக் கனவுக்குள்ளேயே கால் வைத்ததுபோல இருந்தது. இங்கே நிறங்கள் வரிசையில் நிற்கவில்லை, கட்டுக்கட்டாகப் படுத்திருந்தன. ஜெர்பராவெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த சூரியன் மாதிரி கத்தின. லில்லி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ரோஜாக்காரி ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மொட்டுகள்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

கலவை சட்டைப்பையிலிருந்து டின் மூடியை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கலர்ல வேணும்மா. நாளைக்குச் சாயங்காலம் கல்யாணம்."

அவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "பூ வாங்க டப்பா மூடியோட வந்த மொத ஆளு நீங்கதாண்ணே. இந்தா, இது பாருங்க." ஒரு கட்டை உருவினாள். மொட்டுகள் மூடியோடு அப்படியே பொருந்தின. விளிம்பு தெரியவில்லை.

கலவை குனிந்து பார்த்தார். மொட்டின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விரலை வைத்தார், ஈரம். அந்த ஈரம் விரல்வழியே ஏறி, அவருடைய வேதவாக்கைப் போய்த் தட்டி எழுப்பியது.

"இது வேணாம்மா. இதுக்கு ஒரு படி வெளுப்பா எடு."

"வெளுப்பாவா? நீங்க காட்டுன கலருக்கு இதுதானேண்ணே சரியா இருக்கு?"

"இப்ப சரியா இருக்கும். ஈரமா இருக்கில்ல? காஞ்சா கூடும்."

சொன்ன குரலில் அத்தனை வருட அனுபவம் இருந்தது. ரோஜாக்காரி அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஏழு நிறம். நிறத்தைப் பற்றி இவருக்குத் தெரியாததா என்று நினைத்தாள். அதோடு, பூவைக் காயவைத்துத் தொங்கவிடுவதுதான் இப்போதைய ஃபேஷன் போலிருக்கிறது, பணக்காரர்கள் எதையும் செய்வார்கள் என்றும் நினைத்தாள். இப்படி இரண்டு நிபுணர்கள் ஒருவரையொருவர் மதித்துத் தலையாட்டிக்கொண்டதால், பாதாம் தோலின் உட்புறம் மாதிரி வெளிறிய ரோஜாக்கள் கட்டுக்கட்டாக மண்டபத்துக்குக் கிளம்பின.

மறுநாள் மதியம் கலவை புதுச்சட்டையில் மண்டபத்துக்குள் நுழைந்தார். அத்தையின் ஆஃப் வைட் திரைக்கு முன்னால், மேடையின் இரண்டு பக்கமும், ரோஜாக்கள் முழுக்க விரிந்து நின்றன. விரிய விரிய இருந்த கொஞ்சநஞ்ச நிறத்தையும் எங்கேயோ கொட்டிவிட்டு, பழைய பற்பசை மாதிரி வெளுத்திருந்தன. அவர் ஒரு பூவைத் தொட்டார். காய்ந்துதான் இருந்தது. கூடவில்லை.

மேடைக்கருகே காம்பு வெட்டிக்கொண்டிருந்த ரோஜாக்காரி எழுந்து வந்தாள். "என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? ரோஜா விரிஞ்சா வெளுக்கத்தானே செய்யும்?"

"நீ சொல்லலியேம்மா."

"நீங்க காயவைக்கப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்! கலர்க்காரர் சொல்றார்னு நானும்..." அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அதே நேரத்தில் அத்தை வந்தாள். மேடையைப் பார்த்தாள். கைகள் இரண்டும் தாமாகவே கன்னத்துக்குப் போயின.

"சம்பந்தி! நான் ஆசைப்பட்ட அதே ஆஃப் வைட்! வாயத் தொறந்து சொல்லாம, மனசுலயே வெச்சிருந்து செஞ்சிட்டீங்களே. உங்களை மாதிரி ஒருத்தர் எங்க குடும்பத்துல இல்ல."

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பெரிய பாராட்டு கலவைக்கு அதுவரை கிடைத்ததில்லை. தூக்குமேடையில் மாலை போட்டதுபோல நின்றார். போன தடவையாவது, பிடித்தது எது என்று தெரியாதவராக இருந்தார். இப்போது தெரியும், தெரிந்தும் கடைசியில் இன்னொருத்தர் கேட்டதையே அச்சாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மகள் வந்து இதைப் பார்க்கும்போது தான் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து, நாற்காலிகள் அடுக்கியிருந்த பின்பக்க மூலையைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வில் தாமதமே இல்லை.

மகள் மாதுளை நிற உடையில் வந்தாள். அது அவளும் அம்மாவும் எடுத்தது. மேடையேறியவள் பூக்களைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள். பிறகு கூட்டத்துக்குள் கண்ணால் தேடினாள், கடைசி வரியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிப்பதுபோல. நாற்காலி அடுக்குக்கு மேலே தெரிந்த பல நிற நரையைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இறங்கி அவரிடம் வரவும் முடியவில்லை. ஆட்கள் வாழ்த்த வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது மண்டபத்தின் மேற்குப்பக்க உயர ஜன்னல்களுக்கு வெயில் வந்து சேர்ந்தது.

வெயில் சாய்ந்து இறங்கி, மாதுளை உடைமேல் விழுந்தது. உடை அதை வாங்கி வைத்துக்கொள்ளாமல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. பக்கத்தில் இருந்தவை வெளிறிய பூக்கள். சொந்தமாக ஒன்றும் இல்லாததால் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டன. முதலில் அவள் தோளுக்கருகே இருந்த பூக்கள், பிறகு அவற்றை ஒட்டியவை, யாரோ மெல்லத் தூரிகையைத் தோய்த்து இழுத்ததுபோல. பப்பாளிக்குப் பக்கத்தில் தொடங்கி, விரலிடுக்கின் வெளிச்சத்துக்குச் சற்று முன்னால் முடிகிற நிறம்.

கலவை நாற்காலி அடுக்கிலிருந்து எழுந்தார். மகள் யாரையோ வணங்க ஒரு பக்கம் திரும்பினாள். நிறம் அந்தப் பக்கப் பூக்களுக்குப் போனது. விட்டுவந்த பக்கம் வெளுத்தது. இன்னொரு பக்கம் திரும்பினாள், கூடவே போனது. மண்டபத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள், குழந்தையைத் தேடினார்கள், கைக்குட்டையைத் தொலைத்தார்கள். கலவைக்குச் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல இருந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, கால் தரையில் படுகிறதா என்று தெரியாமல், மேடைக்கு நடந்தார்.

"அப்பா" என்றாள் மகள். பூக்களைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "இது நம்ம மூலைதானே? முன்னறைல, என் நாற்காலி போட்டிருக்குமே..."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நான் வாங்கினது தப்பாப் போச்சும்மா. ஈரம்னு நெனச்சு வெளுப்பா எடுத்துட்டேன். இது நான் பண்ணினது இல்ல. வெயிலு."

"யாரு பண்ணினதுன்னு கேக்கலப்பா. இது உங்களுக்குப் பிடிச்சதா?"

கலவை தொண்டையைச் செருமினார். "எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்றார். சொன்னபிறகு, வேறு யாரோ சொன்னதுபோலத் திரும்பிப் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை நின்றார். "எனக்கும் பிடிச்சிருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் பேசியதைக் கேட்டு மேடையில் இரண்டு பேர் அதிர்ந்தார்கள்.

போட்டோக்காரர் ஓடிவந்து ஃப்ளாஷ் அடித்தார். படத்தில் பூக்கள் சுத்தமான ஆஃப் வைட்டில் விழுந்திருக்கின்றன. அத்தை அந்தப் படத்தை இன்றைக்கும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணம் கழிந்து, மகள் கிளம்பிப் போய், வீடு அமைதியானபிறகு, கலவை மறுபடியும் பல்வலி என்று சொல்லிச் சீக்கிரம் வர ஆரம்பித்தார். கடையில் முதலாளி நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஒரு சாயங்காலம் அவர் முன்னறை மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் மனைவி வந்தாள்.

"அங்க என்னத்தப் பாக்கறீங்க?"

"பெயிண்ட் காஞ்சுதான்னு பாக்கறேன்."

"அது எந்தக் காலத்துலயோ காஞ்சாச்சு" என்றவள், போகாமல், காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவரோடு நின்றாள். வெயில் மஞ்சளில் விழுந்து பக்கத்துக்குத் தாவியது. "அட" என்றாள்.

"அன்னிக்கு நீ போட்டிருந்த நீலம் எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார் கலவை, சுவரைப் பார்த்துக்கொண்டே.

"இப்ப வந்து சொல்லுங்க" என்றாள். ஆனால் குரல் கொஞ்சம் குழைந்திருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள்.

"அப்பா, இங்க ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கணும். அத்தை ஆஃப் வைட்ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மனைவி அவர் வாயைப் பார்த்தாள். என்ன வேணும்னு காட்டும்மா என்றுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மஞ்சள்" என்றார் கலவை. "அதை ஒட்டி ஈறு. வேற எதையும் யாரும் சொல்ல வேணாம். நாளைக்கு நானே வரேன்."

அந்தப் பக்கம் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "யாராவது திருப்பிக் கொடுத்த டின்னாப்பா?"

"இல்ல" என்றார். "இது புதுசா கலக்கறேன்."